பழைய சிறிய கார்களும் தகுதிச் சோதனையும்

1983ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் விற்பனைக்கு வந்த மாருதி 800, இந்தியாவின் மத்தியதரக் குடும்பங்களுக்கு எட்டிய சிறிய கார்களுள் முதன்மையானது. மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய யந்திரம். வண்டியின் எடையோ சுமார் 650 கிலோகிராம். 2014ஆம் ஆண்டு ஜனவரியில் இதன் உற்பத்தி நின்றது. எனவே இன்று கைமாறும் இவ்வகைக் கார்களில் பெரும்பாலானவை பதினைந்து வயதைக் கடந்தவை. குறைந்த விலைக்குக் கிடைப்பதால் ஆசிரியர்களும் ஊழியர்களும் இவற்றை விரும்பி வாங்குகின்றனர். அவ்வாறு வாங்குவோர் பெரிதும் நம்புவது, “சோதனையில் தேறிய வண்டி” என்னும் ஒரு சொல்லையே. அச்சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது ஆராயத்தக்கது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகத்திற்கான காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின்னர் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பரிசோதித்துத் தகுதியுடையதெனக் கண்டால், பதிவு மேலும் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படும். திருவனந்தபுரத்தில் கே.எல். 01 என்னும் எண்ணைத் தாங்கிய பழைய கார்களுக்கும் இதுவே விதி. ஆனால் எட்டு ஆண்டுகளைக் கடந்த வாடகைக் கார் ஒன்று ஆண்டுதோறும் தகுதிச் சோதனைக்கு உட்பட வேண்டும். சொந்தக் கார் குறைவாக ஓடுகிறது என்பது உண்மையே. எனினும் துருவுக்கு ஓட்டத்தின் அளவு ஒரு பொருட்டன்று. நின்ற இடத்திலேயே இரும்பு அரிக்கப்படும்.

ஒரு சோதனையின் நம்பகத்தன்மை என்பதில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒரே வண்டியை இருமுறை, அல்லது இருவர் தனித்தனியே, சோதித்தால் ஒரே முடிவு கிட்டுகிறதா என்பது முதலாவது. அம்முடிவு வண்டியின் உண்மை நிலையையும், வருங்கால நிலையையும் எவ்வளவு தெரிவிக்கிறது என்பது இரண்டாவது. கண்ணால் பார்த்தும் ஓட்டிப் பார்த்தும் தீர்மானிக்கும்போது, ஆய்வாளரின் அநுபவத்திற்கேற்ப முடிவு மாறக்கூடும். உருளைகளின்மீது சக்கரங்களை நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் தடை விசையையும் அளக்கும் கருவி இக்குறையைக் குறைக்கிறது. சான்றாக, முன் இடச் சக்கரம் 1,200 நியூட்டனும் முன் வலச் சக்கரம் 840 நியூட்டனும் காட்டினால், வேறுபாடு 30 சதவீதம். அவசரத்தில் பிரேக்கை மிதிக்கும்போது அவ்வண்டி இடப்புறம் இழுக்கும். மெதுவாக ஓட்டிப் பார்ப்பவருக்கு இது புலப்படாமல் போகலாம்.

பிழையின் விளைவை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நூறு பழைய கார்களில் இருபதில் கடுமையான பழுது உள்ளதென்றும், சோதனை அத்தகைய பழுதுகளில் ஐந்தில் நான்கைக் கண்டுபிடிக்கிறதென்றும், நல்ல வண்டிகளில் பத்தில் ஒன்றைத் தவறாக நிராகரிக்கிறதென்றும் கொள்வோம். பழுதுள்ள இருபதில் நான்கும், பழுதற்ற எண்பதில் எழுபத்திரண்டும் தேறும். ஆகத் தேறிய 76 வண்டிகளில் நான்கு ஆபத்தானவை. இவ்வெண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. சான்றிதழ் ஆபத்தைக் குறைக்கிறது, முற்றும் நீக்குவதில்லை என்பதே இதன் கருத்து.

காலத்தாலும் நம்பகத்தன்மை தேய்கிறது. காரின் டயரில் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது விதி. சோதனை நாளில் 1.8 மில்லிமீட்டர் இருக்கும் டயர் தேறிவிடும். சில மாதங்களில் அது விதிக்குப் புறம்பாகும். சான்றிதழோ ஐந்தாண்டுகள் செல்லும். பிரிட்டனில் 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சோதனை முதலில் பத்து வயதைக் கடந்த வண்டிகளுக்கே உரியதாயிருந்தது. 1967இல் அவ்வயது மூன்றாகக் குறைக்கப்பட்டது. அங்கு அச்சோதனை ஆண்டுதோறும் நடைபெறுகிறது. ஜெர்மனியில் கார்களுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை சோதனை உண்டு.

திருவனந்தபுரத்தின் இயற்கை நிலையையும் கருத வேண்டும். இடவப்பாதி, துலாவர்ஷம் என்னும் இரு மழைக்காலங்களும் இந்நகரை நனைக்கின்றன. சங்குமுகம், வலியதுறைப் பகுதிகளில் கடற்காற்று உப்பைச் சுமந்து வருகிறது. இரும்பின்மேல் படியும் உப்புப் படலம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து, மழையில்லாத நாளிலும் துருப்பிடித்தலைத் தொடரச் செய்கிறது. காரின் அடித்தளம், கதவுகளின் கீழ்விளிம்பு, வில்லமைப்பு பொருந்தும் இடங்கள், பிரேக் குழாய்கள் ஆகியவை முதலில் கெடுகின்றன. துருவின்மீது புதிதாகப் பூசப்பட்ட கறுப்புப் பூச்சு சோதிப்பவரின் கண்ணை ஏமாற்ற வல்லது. வண்டியை உயர்த்தி, சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் திடமான தகடு கணீரென ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும்.

சமதளச் சோதனை காட்டாத மற்றொரு பழுதும் உண்டு. நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்ல வேண்டும். ஆட்களுடன் 900 கிலோகிராம் எடையுள்ள கார், அங்கிருந்து 900 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொண்டால், வெளிப்படும் சக்தி சுமார் 79 லட்சம் ஜூல். அதே காரை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை நிறுத்துவதில் வெளிப்படுவது சுமார் 56,000 ஜூல் மட்டுமே. அதாவது இறக்கம் முழுவதும் ஏறத்தாழ 140 நிறுத்தங்களுக்குச் சமம். இதில் ஒரு பகுதியை யந்திரமும் காற்றும் ஏற்கும். எஞ்சியது பிரேக்குகளில் உஷ்ணமாகிறது. டாட் 3 வகைப் பிரேக் ஆயில் புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை சென்டிகிரேடில் கொதிக்க வேண்டும் என்பது தரம். அது காற்றிலுள்ள நீரை உறிஞ்சும் தன்மையது, 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் அத்தரம் 140 பாகையையே கோருகிறது. கொதித்த ஆயிலில் நீராவிக் குமிழிகள் தோன்றினால் மிதிகட்டை தரை வரை இறங்கும்; வண்டி நிற்காது. குளிர்ந்த பிரேக்குடன் சோதனையில் குறையின்றித் தேறிய காருக்கும் இது நேரலாம்.

புகைச் சான்றிதழைத் தகுதிச் சான்றிதழாகக் கருதுவதும் தவறு. அது வெளியேறும் வாயுக்களை மட்டுமே அளக்கிறது. பிரேக்கைப் பற்றியோ திசைதிருப்பும் அமைப்பைப் பற்றியோ எதுவும் கூறுவதில்லை.

ஆகவே பழைய கார் வாங்குவோர் சான்றிதழைத் தொடக்கமாகக் கொள்ள வேண்டுமேயன்றி முடிவாகக் கொள்ளலாகாது. தமக்கு அறிமுகமான மெக்கானிக் ஒருவரைக் கொண்டு அடித்தளத்தைப் பார்த்தல், பிரேக் ஆயிலை உடனே மாற்றிப் பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுதல், டயரின் பள்ளத்தை மழைக்காலத்திற்கு முன் அளத்தல், மலைச்சாலையில் தாழ்ந்த கியரில் இறங்குதல் ஆகிய நான்கும் பெருஞ்செலவு வைப்பன அல்ல. ஐந்தாண்டுக்கு ஒரு முறை நிகழும் சோதனையின் இடைவெளியை நிரப்புவது, உரிமையாளர் தாமே ஆண்டுதோறும் செய்விக்கும் இத்தகைய சோதனைதான்.