சிபில் அறிக்கையில் பழைய பாக்கியா? நீங்களே சரி செய்யலாம்

வீட்டுக் கடனோ, டூ வீலர் கடனோ, விண்ணப்பம் கொடுத்தவுடன் வங்கி அலுவலர் முதலில் திறந்து பார்ப்பது நம் கடன் அறிக்கையைத்தான். அதில் எப்போதோ விட்டுப்போன ஒரு பாக்கி "ரிட்டன் ஆஃப்" என்ற குறிப்புடன் இருந்தால், பெரும்பாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். இதற்கிடையே வசூல் ஏஜன்ட் போன் செய்து, "பணத்தைக் கட்டுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்பார். ஆனால் பணம் கட்டுவது ஒரு வேலை; அறிக்கையைச் சரி செய்வது இன்னொரு வேலை. முதலாவதை முடித்தால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது. இவற்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தபடியே எப்படிக் கையாள்வது என்று பார்க்கலாம்.

அறிக்கையை இலவசமாகப் பெற

நாம் பொதுவாக "சிபில்" என்று சொன்னாலும், இந்தியாவில் இந்தத் தகவலைத் திரட்டும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2017 ஜனவரி முதல், ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

நிறுவனத்தின் தளத்தில் இலவச அறிக்கைக்கான லிங்க்கைத் தேடி கிளிக் செய்திடவும். கட்டணத் திட்டங்கள் பெரிய எழுத்தில் கண்ணில் படும், அவை தேவையில்லை. பான் எண், பிறந்த தேதி, மொபைல் எண் கொடுத்து, வரும் ஓ.டி.பி.யை டைப் செய்தால் அறிக்கை கிடைக்கும். அதை பி.டி.எஃப். பைலாகச் சேமித்துக் கொள்ளுங்கள். இந்த வேலையை பிரவுசிங் சென்டரில் செய்யாதீர்கள். உங்கள் மொத்த நிதி ஜாதகமும் அந்த ஒரு பைலில் இருக்கிறது. நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

எதைத் தேடுவது?

பைலைத் திறந்து கண்ட்ரோல் + எஃப் அழுத்தி, கீழ்க்காணும் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

1. ரிட்டன் ஆஃப்: கடனை வங்கி தன் கணக்கில் தள்ளி வைத்துவிட்டது. கடன் தள்ளுபடி ஆகிவிட்டது என்று இதற்குப் பொருள் அல்ல. பாக்கி அப்படியேதான் இருக்கிறது.

2. செட்டில்டு: முழுத் தொகைக்குப் பதிலாகக் குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு வங்கி கணக்கை முடித்துக்கொண்டது.

3. ஓவர்டியூ: இன்றைக்குக் கட்ட வேண்டிய பாக்கி.

4. டி.பி.டி.: தவணை எத்தனை நாள் தாமதம் என்று மாதவாரியாகக் காட்டும் கட்டம். மூன்று சைபர் இருந்தால் தாமதம் இல்லை. 90 நாட்களைத் தாண்டினால் வாராக் கடன் வகையில் சேரும்.

கேள்விப்படாத நிறுவனத்தின் பெயர் இருந்தால் பதற வேண்டாம். வங்கிகள் சில வாராக் கடன்களைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்றுவிடுவது உண்டு. கடன் தொடங்கிய தேதியையும் தொகையையும் பழைய பாஸ்புக்குடன் ஒப்பிட்டால் அது எந்தக் கடன் என்று பிடிபடும்.

பாக்கி உங்களுடையது இல்லை என்றால்

கட்டி முடித்த கடன், வேறொருவரின் கடன், ஒரே கடன் இரு முறை பதிவானது ஆகியவை இந்த வகை. இவற்றுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். அதே தளத்தில் "டிஸ்ப்யூட்" பகுதிக்குச் சென்று, தவறான பதிவைத் தேர்வு செய்து புகார் அனுப்புங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. வங்கி உறுதி செய்யாமல் தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்றாது. எனவே அதே நாளில் வங்கியின் குறைதீர் பிரிவுக்கும் ஆதாரத்துடன் மெயில் அனுப்புவது நல்லது.

2013-ல் நான் திருப்பிக் கொடுத்த ஒரு கிரெடிட் கார்டு, 2024-ல் என் அறிக்கையில் 3,140 ரூபாய் பாக்கியுடன் "ரிட்டன் ஆஃப்" என்று தலைகாட்டியது. கார்டு முடிக்கப்பட்டதாக வங்கி அன்று கொடுத்த கடிதத்தின் ஸ்கேன் பிரதி என் கம்ப்யூட்டரில் இருந்தது. அதை இணைத்துப் புகார் செய்தேன். 24-ம் நாள் பதிவு திருத்தப்பட்டது. அந்த ஒரு பக்கக் கடிதம் இல்லாவிட்டால், வாங்காத கடனுக்குப் பணம் கட்டும் நிலை வந்திருக்கும்.

பாக்கி உங்களுடையதுதான் என்றால்

40,000 ரூபாய் பாக்கிக்கு "25,000 கட்டினால் போதும்" என்று ஏஜன்ட் சொல்லலாம். 15,000 மிச்சம்தான். ஆனால் அறிக்கையில் "செட்டில்டு" என்றே பதிவாகும். அடுத்த வங்கி அதைப் பாதகமாகவே பார்க்கும். முடிந்தவர்கள் முழுத் தொகையைக் கட்டி "குளோஸ்டு" என்று பதியச் சொல்வதே நல்லது. முடியாதவர்கள் செட்டில்மென்ட் கடிதத்தை வங்கியின் லெட்டர்ஹெட்டில் வாங்கிய பிறகே பணம் கட்டவும். எப்படிக் கட்டினாலும் கடன் கணக்கிலேயே கட்டுங்கள். ஏஜன்ட்டின் சொந்த யு.பி.ஐ.க்கு அனுப்பாதீர்கள். பிறகு "நிலுவை இல்லை" சான்றிதழைக் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்து வையுங்கள்.

கட்டிய பிறகும் பழைய தாமதங்கள் உடனே மறைந்துவிடாது. கடன் தகவலைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

ஏஜன்ட் நேரில் வந்தால் அடையாள அட்டையையும் வங்கியின் அதிகாரக் கடிதத்தையும் கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் உத்தரவுப்படி, காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக போன் செய்யக் கூடாது.

30 நாள் கணக்கு

புகார் செய்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தீர்வு தர வேண்டும். இதில் வங்கிக்கு 21 நாள். 30 நாளைத் தாண்டினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு 100 ரூபாய் இழப்பீடு. தாமதத்துக்குக் காரணம் வங்கியா, தகவல் நிறுவனமா என்பதைப் பொறுத்து அவர்கள் தர வேண்டும். 2023 அக்டோபரில் வெளியான இந்த உத்தரவு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

நாள் கணக்குக்கு எக்செல் போதும். ஏ2 செல்லில் புகார் தேதியைக் கொடுத்து, பி2 செல்லில் =ஏ2+30 என டைப் செய்து என்டர் தட்டினால் கெடு தேதி கிடைக்கும். புகார் எண்ணை சி2-வில் எழுதி வையுங்கள். கெடு தாண்டியும் பதில் இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். புகார் தளத்தில் ஒம்புட்ஸ்மேனிடம் இலவசமாக முறையிடலாம். அங்கு முதலில் கேட்கப்படுவது, நீங்கள் வங்கியிடமோ தகவல் நிறுவனத்திடமோ கொடுத்த பழைய புகாரின் விவரங்கள்தான்.

"ஒரே வாரத்தில் ஸ்கோரை ஏற்றித் தருகிறோம்" என்று பணம் கேட்பவர்களிடம் பான் எண்ணையும் ஓ.டி.பி.யையும் கொடுத்துவிடாதீர்கள். சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தவறான பதிவை நீங்களே இலவசமாகத் திருத்தலாம். அடுத்த கடனுக்கு விண்ணப்பிக்கும் முன், இரண்டு மாதம் இருக்கும்போதே அறிக்கையை ஒரு முறை டவுன்லோட் செய்து பார்த்துவிடுங்கள்.