திரும்பி வந்த பருப்பு

சிறுநீரகம் பழுது என்று தெரிந்ததும் அந்தக் காலத்து வீட்டில் முதலில் நின்றது பருப்பு. கறியும் மீனும் நிற்பதற்கு நாலு நாள் ஆகும். பருப்பு அன்றைக்கே நின்றுவிடும். டாக்டர் முழுசாக என்ன சொன்னார் என்பது யாருக்கும் நினைவிருக்காது. "புரோட்டீன் ஆகாதாம்" என்ற ஒரு வரி மட்டும் வீடு முழுக்கப் பரவியிருக்கும். சாம்பார் போய் ரசம், ரசம் போய் மோர், மோரும் போய் உப்பில்லாத கஞ்சி என்று ஒவ்வொன்றாகக் கழன்று, சில மாதங்களில் ஆள் பாதியாகிவிடுவார். மெலிந்ததற்கும் நோயின் மேல்தான் பழி விழும். பட்டினியின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

புணேயின் வானவடியில் எங்கள் கட்டடத்தில் இருக்கும் சுபேதாருக்கு இந்தக் கதை மனப்பாடம். அவருடைய அண்ணன் 1980-களில், வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில், இதே நோயில் போனவர். இப்போது தம்பிக்கும் வந்திருக்கிறது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே நோய், நடுவில் நாற்பது வருஷம். அன்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று பார்க்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

வானவடி பட்டாளத்தின் ஊர். மராட்டியத் தளபதி மகாதஜி சிந்தே 1794-ல் உயிர்விட்டது இங்கேதான். அவருடைய சத்திரி, அதாவது நினைவு மண்டபம், இன்றும் நிற்கிறது. ஆனால் ஊருக்கு இன்றைய முகத்தைக் கொடுத்தது 1948-ல் தொடங்கிய ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியும், ராணுவத்தின் கமாண்ட் ஆஸ்பத்திரியும்தான். தமிழ்நாட்டிலிருந்து பட்டாளத்துக்கு வந்தவர்களில் சிலர் பென்ஷன் வாங்கிய பிறகும் ஊர் திரும்பவில்லை. கேட்டால் பிள்ளைகளின் படிப்பு என்பார்கள். வயது ஏற ஏற, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது என்பதும் காரணத்தில் சேர்ந்துகொள்ளும். 2003-ல் முன்னாள் படையினருக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் வந்த பிறகு அந்தக் காரணம் இன்னும் வலுத்தது.

அண்ணனுக்கு அப்படி எதுவும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே மாற்றுச் சிறுநீரகம் வெற்றிகரமாகப் பொருத்தினார்கள். அவர் வீட்டிலிருந்து அது பஸ் போகும் தூரம்தான். ஆனால் டயாலிசிஸ் அன்று பெயர் பெற்றவர்களுக்கு நடக்கும் சமாசாரமாக இருந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயணன் நெருக்கடி நிலைக் காலத்தில் சிறுநீரகம் செயலிழந்து பம்பாய் ஜஸ்லோக் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 1979-ல் இறக்கும்வரை டயாலிசிஸில்தான் உயிர் ஓடியது. எம்.ஜி.ஆருக்கு 1984-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் சிறுநீரகம் பொருத்தியபோது தமிழ்நாடே கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டது. எம்.ஜி.ஆர். செய்தியை டீக்கடையில் படித்துவிட்டு வந்து, அண்ணன் வீட்டில் வாழைத்தண்டுச் சாறு குடித்துக்கொண்டிருந்தார்.

வாழைத்தண்டு கல்லடைப்புக்குச் சொல்லப்பட்ட கைவைத்தியம். கல் வேறு, செயலிழப்பு வேறு. வாழைத்தண்டிலும் இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது. ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பையே அது நிறுத்திவிடும். பருப்பை நிறுத்திய வீட்டில் இளநீர் தாராளமாக ஓடியது. 'குளிர்ச்சி' என்று வந்து பார்த்தவர்கள் எல்லாரும் இரண்டிரண்டு இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார்களாம்.

புரதத்தைக் குறைக்கச் சொன்ன அன்றைய டாக்டர்களைக் குறை சொல்ல முடியாது. உண்ட புரதம் உடைந்து யூரியா ஆகிறது. அது வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தேங்கினால் குமட்டல், அரிப்பு, சோர்வு. இயந்திரம் இல்லாத காலத்தில் உணவுதான் மருந்து. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் 1940-களில் கொடுத்த சாப்பாடு நம்மவருக்குச் சிரிப்பை வரவழைக்கும்: சோறு, பழம், சர்க்கரை. நாளைக்கு 20 கிராம் அளவுக்குத்தான் புரதம். இத்தாலியில் ஜோர்டானோ 1963-லும் ஜோவன்னெட்டி 1964-லும் ஏறக்குறைய அதே அளவு புரதத்தில் வேறு வழி காட்டினார்கள். முட்டை போன்ற உயர்தரப் புரதம் கொஞ்சம். மீதி வயிற்றுக்குப் புரதம் நீக்கிய மாவில் செய்த பாஸ்தாவும் ரொட்டியும்.

இவர்கள் யாரும் நோயாளியைப் பட்டினி போடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. கெம்ப்னர் சர்க்கரையை அள்ளிக் கொடுத்தார். இத்தாலியர்கள் மாவையும் எண்ணெயையும் கொடுத்தார்கள். எரிக்க மாவும் கொழுப்பும் போதாவிட்டால் உடம்பு தன் தசையையே பிடுங்கி எரிக்கும். அப்போதும் அதே யூரியாதான் வரும். நம் வீடுகள் 'கூடாது' என்ற பாதியை வாங்கிக்கொண்டு, 'வயிறு நிறைய வேண்டும்' என்ற பாதியை விட்டுவிட்டன. இத்தனைக்கும் இத்தாலியர்கள் ஆலையில் செய்த பொருளுக்கு ஈடானது நம்மிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. புரதம் பேருக்குக்கூட இல்லை. சேலத்து ஜவ்வரிசி லாரி ஏறி மகாராஷ்டிரத்துக்கு வந்து, ஏகாதசிக்கு ஏகாதசி சாபுதானா கிச்சடியாகிறது. அந்தக் கிச்சடியில் போடும் வேர்க்கடலையும் உருளைக்கிழங்கும்தான் சிறுநீரக நோயாளிக்கு இடைஞ்சல். வெறும் ஜவ்வரிசி அண்ணனுக்கு அன்று உதவியிருக்கும். யாரும் சொல்லவில்லை.

பிறகு காற்று பல பக்கமும் அடித்தது. அதிகப் புரதம் சிறுநீரகத்தின் வடிகட்டிகளை அதிகமாக உழைக்கவைத்தே தேய்க்கிறது என்று 1982-ல் சிறுநீரக ஆராய்ச்சியாளர் பிரென்னரின் குழு சொன்னது. குறைத்தால் தேய்மானம் நிற்குமா என்று அமெரிக்காவில் பெரிய ஆய்வு நடத்திப் பார்த்தார்கள். 1994-ல் வந்த முடிவு 'ஆம்' என்றும் இல்லை, 'இல்லை' என்றும் இல்லை. இன்றைக்கு டாக்டர்கள் கையில் இருப்பது தடை அல்ல, அளவு. டயாலிசிஸுக்கு வராத, சர்க்கரை நோயும் உள்ளவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் என்று 2020-ன் அமெரிக்க வழிகாட்டி சொல்கிறது. 2024-ல் வந்த சர்வதேச வழிகாட்டி 0.8 என்று வைத்து, 1.3-ஐத் தாண்டாதே என்கிறது. ஆளுக்கு ஆள் இது மாறும். அவரவர் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

சுபேதாருக்கு நெடுநாள் சர்க்கரை நோய். எடை 60 கிலோ. அவருக்கு வந்த கணக்கு 36-லிருந்து 48 கிராம் வரை. ஆஸ்பத்திரி டயட்டீஷியன் எழுதிக் கொடுத்ததை மருமகள் சமையலறையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். காலையில் மூன்று இட்லி, 6 கிராம். மதியம் இரண்டு கப் சோறு, 8. ஒரு கைப்பிடிப் பருப்பு, அதாவது வேகாதபோது 30 கிராம், அதில் 7. கொஞ்சம் தயிர், 3. ராத்திரி மூன்று சப்பாத்தி, 9. காபி, டீக்கு ஊற்றும் பால் ஒரு டம்ளர், 6. மொத்தம் 39. காய்கறியில் வரும் கொஞ்சத்தைச் சேர்த்தாலும் எல்லைக்குள்தான். சோற்றிலும் சப்பாத்தியிலும் இவ்வளவு புரதம் இருக்கிறது என்பதே அந்த வீட்டுக்குப் புதுச் செய்தி. அதைவிடப் பெரிய செய்தி, கூட்டலில் பருப்பு இருந்தது.

பருப்பு திரும்பி வர இன்னொரு காரணமும் உண்டு. பள்ளிப் புத்தகத்திலிருந்தே நமக்கு முட்டை, பால், கறி முதல்தரப் புரதம், பருப்பு இரண்டாம்தரம் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சாப்பிடக் கொஞ்சம்தான் அனுமதி என்றால் அந்தக் கொஞ்சம் முதல்தரமாக இருக்கட்டும் என்று டாக்டர்கள் நினைத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் பழுதான சிறுநீரகத்தால் சரியாக வெளியே தள்ள முடியாத இன்னொன்று பாஸ்பரஸ். பருப்பில் அது பெரும்பாலும் ஃபைட்டேட்டாகக் கட்டுண்டு கிடக்கிறது. குடல் அதை முழுக்க உறிஞ்சுவதில்லை. 2011-ல் அமெரிக்காவில் வெறும் 9 நோயாளிகளை வைத்து ஒரு சிறு ஆய்வு செய்தார்கள். ஒரு வாரம் இறைச்சி, ஒரு வாரம் சைவம், இரண்டிலும் பாஸ்பரஸ் அளவு ஒன்றே. சைவ வாரத்தில் ரத்தத்தில் பாஸ்பரஸ் குறைவாக இருந்தது. 9 பேரை வைத்து உலகத்தை மாற்ற முடியாதுதான். ஆனாலும் 2024 வழிகாட்டி விலங்கு உணவைவிடத் தாவர உணவின் பக்கம் சாய்ந்தே பேசுகிறது. பொட்டாசியத்துக்குப் பயந்தால் பருப்பை ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடலாம். புளியும் தக்காளியும் சேர்ந்த சாம்பாரைவிடக் கெட்டிப் பருப்பும் பருப்பு உசிலியும் தேவலை. பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள் கடலைமாவில் செய்யும் ஜுன்காவும் அந்த ஜாதிதான். உப்பையும் பச்சை மிளகாய் டேச்சாவையும் அவரிடம் குறைக்கச் சொல்வதுதான் கஷ்டம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கணக்கு போன வருஷம் தலைகீழானது. சுபேதாருக்கு டயாலிசிஸ் ஆரம்பமாயிற்று, வாரம் மூன்று முறை. இயந்திரம் யூரியாவை எடுக்கும்போது, ஒவ்வொரு முறையும் பல கிராம் அமினோ அமிலங்களையும் சேர்த்து வெளியே கொண்டுபோகிறது. ஆகவே இப்போது கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது 60-லிருந்து 72 வரை சாப்பிட வேண்டும். பழைய அளவைப் போலக் குறைந்தது ஒன்றரை மடங்கு.

சுபேதாரின் மனைவிக்கு இது பிடிபடவே இல்லை.

"ஏம்மா, நேத்து வரைக்கும் அளந்து அளந்து போடச் சொன்னாங்க. இன்னிக்கி முட்டை நாலு சாப்பிடணுங்கிறாங்க. எதைத்தாம்மா நம்புறது?"

"ரெண்டையும்தான் அத்தை. அப்போ கிட்னியைக் காப்பாத்தணும், அதுக்குக் கொறைச்சாங்க. இப்போ மெஷின் வேலை பார்க்குது. மாமா உடம்புல சதை நிக்கணுமில்ல."

"உங்க பெரிய மாமனாருக்கு இதெல்லாம் யாரும் சொல்லலியே."

டயாலிசிஸ் மையங்களில் தினமும் நடக்கும் உரையாடல் இது. வருஷக்கணக்கில் பயந்து பழகிய வாய்க்கு, திடீரென்று 'சாப்பிடு' என்றால் இறங்காது. என் பார்வையில் இன்றைய சிறுநீரகச் சாப்பாட்டின் பெரிய சிக்கல் புரதம் எதில் இருக்கிறது என்பதல்ல. பயத்தை எப்போது விடுவது என்று வீட்டுக்குத் தெரியாமல் இருப்பதுதான். ரத்த அல்புமின் இறங்கி, கால் வீங்கி, டாக்டர் கடிந்த பிறகுதான் பல வீடுகளில் முட்டை உடைகிறது.

முட்டையிலும் வெள்ளைக்கரு. ஒரு வெள்ளைக்கருவில் சுமார் மூன்றரை கிராம் புரதம்; பாஸ்பரஸ் 5 மில்லிகிராம் அளவுதான். முழு முட்டையில் 6 கிராம் புரதம், ஆனால் பாஸ்பரஸ் 90-க்கு மேல். எல்லாம் மஞ்சளில் இருக்கிறது. நாலு வெள்ளைக்கரு 14 கிராம், 100 கிராம் மீன் சுமார் 20 கிராம் என்று வைத்தால் பழைய 39-உடன் சேர்ந்து கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். கருவாடு உப்புக்காக வேண்டாம். ஃபாத்திமா நகர்ப் பக்கம் உறவினர் ஆசையாக வாங்கி வரும் பாயா எலும்புச் சாற்றுக்காக வேண்டாம். இதில் புரட்டாசி வேறு வருகிறது. முட்டையும் மீனும் வீட்டுக்குள் வராத அந்த மாதத்துக்கு மீல்மேக்கர்தான் கைகொடுத்தது: உலர்ந்ததில் 30 கிராம் எடுத்தால் 15 கிராம் புரதம். பனீரும் உண்டு, ஆனால் பாஸ்பரஸ் கூட வரும் என்பதால் சாப்பாட்டோடு விழுங்கும் பாஸ்பரஸ் மாத்திரையை மறக்கக் கூடாது. தண்ணீருக்கும் அளவு இருப்பதால் மோரும் ரசமும் தம்ளர் கணக்கில்தான்.

அண்ணன் காலத்தில் பஞ்சமாக இருந்த புரதம், இன்றைக்கு சாளுங்கே விஹார் சாலையின் கடைகளில் கூவி விற்கிறது. ஜிம்முக்குப் பக்கத்தில் பவுடர் டப்பா, ரொட்டியில் புரதம், தயிரில் புரதம். அமுல் விற்கும் புரத மோர் 200 மில்லி பாக்கெட்டில் 15 கிராம். டயாலிசிஸில் இருப்பவருக்கு டயட்டீஷியன் சரி என்றால் அது உதவலாம். நோயின் நடுக்கட்டத்தில் இருக்கும் 50 கிலோ எடையுள்ள அம்மாளுக்கு, நாளெல்லாம் சேர்த்து 30 கிராம்தான் என்று சொல்லியிருந்தால், மோர் என்று நினைத்துக் குடித்த ஒரு பாக்கெட்டிலேயே பாதி போய்விடும். கேன்டீன் ரம்மில் புரதம் இல்லை, ஆகவே தோஷமில்லை என்று வாதாடும் ஹவில்தார் ஒருவரும் எங்கள் கட்டடத்தில் இருக்கிறார். அவரோடு யாரும் விவாதிப்பதில்லை.

அண்ணனுக்கு இல்லாத ஒரு புது எதிரியும் தம்பிக்கு உண்டு. பதப்படுத்திய கறி, சீஸ், கருநிறக் குளிர்பானம் ஆகியவற்றில் சேர்க்கும் பாஸ்பேட். பருப்பின் பாஸ்பரஸ் பாதியும் உடம்பில் ஒட்டுவது சந்தேகம். இது ஏறக்குறைய முழுக்க ஒட்டும். இந்தியப் பாக்கெட்டுகளில் புரதம் எத்தனை கிராம் என்று எழுத வேண்டும். பாஸ்பரஸ் எவ்வளவு என்று எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. பொடி எழுத்தில் 338, 339, 340, 341, 450, 451, 452 என்று சேர்க்கைப் பொருளின் எண் மட்டும் இருக்கும். மருமகள் அந்த ஏழு எண்களையும் எழுதி மாமனாரின் பர்ஸில் வைத்திருக்கிறார். ஜாம்புல்கர் சௌக் பக்கத்துக் கடையில் சுபேதார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் பார்க்கிறார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர் நகர்வதில்லை. பேரன் கேட்ட சாசேஜ் பாக்கெட்டில் 451-ஐப் பார்த்துவிட்டு, அதை வைத்துவிட்டுக் கால் கிலோ பாசிப்பருப்பு நிறுக்கச் சொன்னார். பேரனுக்குத்தான் வருத்தம்.