வீட்டு வரிச் சீட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடம்!

சென்னையில் வீடோ கடையோ வைத்திருப்பவர்கள் அரையாண்டுக்கு ஒரு முறை மாநகராட்சிக்கு வரி கட்டுகிறார்கள். "குப்பையை அள்ளுறாங்களா? ரோடு போட்டாங்களா? எதுக்குய்யா வரி?" என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டுபவர்கள்தான் அதிகம்.

ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு குப்பைக்கும் இல்லை, ரோட்டுக்கும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு!

ஆம். சொத்து வரிக்குள்ளேயே "கல்வி வரி" என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. இன்று நேற்று வந்தது அல்ல. 1920-ம் ஆண்டு தொடக்கக் கல்விச் சட்டத்தில் பிறந்தது. இது போதாது என்று, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி வேறு தனியாக வாங்குகிறார்கள்.

"நான் வாடகை வீட்டுக்காரன். எனக்கு ஏது வரி?" என்று கேட்கலாம். வீட்டுக்காரர் தன் கையை விட்டா கட்டுவார்? வாடகையில் அதுவும் சேர்ந்துதான் இருக்கும். ஆகவே எல்லாரும் கட்டுகிறோம். அப்படியானால், நம் பணத்தில் நடக்கிற பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவையாவது எட்டிப் பார்க்க வேண்டாமா?

ஒரு அணா டிபன்

முதலில் ஒரு பழைய கதை. பணக் கணக்கு என்றால் என்ன என்பதை அது நன்றாகப் புரிய வைக்கும்.

1920-ம் ஆண்டு. சென்னை மாநகராட்சி மன்றத்தின் தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். இன்று தி.நகர் என்று நாம் சொல்கிறோமே, அந்தத் தியாகராயர்தான். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் சரியாக வரவில்லை. வந்தவர்களும் பசியோடு வந்தார்கள். "பிள்ளைகளுக்கு டிபன் கொடுப்போம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது" என்று மன்றத்தில் தீர்மானம் கொண்டு வந்தார். நிறைவேறியது. பிறகு இன்னும் 4 பள்ளிகளுக்கும் டிபன் போனது.

பலன் என்ன தெரியுமா? அந்த 5 பள்ளிகளிலும் 1922-23-ல் 811 பிள்ளைகள். 1924-25-ல் 1,671 பிள்ளைகள். இரண்டே வருஷத்தில் இரண்டு மடங்கு!

அப்புறம் வந்தது வினை. "தொடக்கக் கல்வி நிதி என்பது பாடம் சொல்லிக் கொடுக்க. சாப்பாடு போட அல்ல" என்று வெள்ளைக்கார சர்க்கார் முட்டுக்கட்டை போட்டது. 1925 ஏப்ரல் 1-ந்தேதி டிபன் நின்று போனது. பணம் இருந்தது. பசியும் இருந்தது. கணக்குப் புத்தகத்தில் அந்தப் பணத்தை எழுத ஒரு பத்திதான் இல்லை!

கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து, 2022 செப்டம்பர் 15-ந்தேதி மதுரையில் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கியது. முதல் கட்டமாக 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள். ஒதுக்கிய பணம் 33 கோடியே 56 லட்சம் ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு 2,940 ரூபாய் சொச்சம். அடுத்த ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. இந்தத் தடவை பத்தி கிடைத்துவிட்டது.

42 ஊர்கள் வந்த கதை

இனி இன்றைய கணக்குக்கு வருவோம்.

2011-ல் சென்னை மாநகராட்சி ஒரே அடியாக வீங்கியது. 174 சதுர கிலோ மீட்டராக இருந்த நகரம் 426 சதுர கிலோ மீட்டர் ஆனது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள், ஆக மொத்தம் 42 உள்ளாட்சிகள் உள்ளே வந்தன. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம், அம்பத்தூர், மதுரவாயல், வளசரவாக்கம், ஆலந்தூர், உள்ளகரம்-புழுதிவாக்கம் ஆகியவை அந்த 9 நகராட்சிகள்.

இவை எல்லாம் கையேந்தி நின்ற ஊர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அம்பத்தூரில் தொழிற்பேட்டை. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. ஆலந்தூர் கதை இன்னும் சுவையானது. 1990-களின் கடைசியில் பாதாளச் சாக்கடை போட அந்த நகராட்சியிடம் போதிய பணம் இல்லை. பொது மக்களே வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட் கட்டினார்கள். வேலை முடிந்தது. சின்ன ஊர்தான். ஆனால் கணக்கு வழக்குத் தெரிந்த ஊர்.

இப்படிப்பட்ட ஊர்கள் சென்னையோடு சேர்ந்தன. வரி ரிப்பன் மாளிகைக்குப் போனது. குப்பை லாரி ரிப்பன் மாளிகையிலிருந்து வந்தது. பள்ளிக்கூடம் மட்டும்? அது மாநில அரசின் பள்ளிக் கல்வித்துறையிடமே தங்கிவிட்டது!

ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல. பத்து வருஷத்துக்கு மேல்!

வாத்தியார் சம்பளத்தைக் கல்வித்துறை கொடுத்தது. அதில் தகராறு இல்லை. ஓடு உடைந்தால் யார் மாற்றுவது? கழிப்பறைக்குத் தண்ணீர் யார் விடுவது? சுற்றுச் சுவர் யார் கட்டுவது? இதில்தான் இழுபறி. "அது எங்க ஸ்கூல் இல்லீங்க" என்று ஒரு பக்கம். "இது மாநகராட்சி எல்லை ஆச்சே" என்று இன்னொரு பக்கம். நடுவில் பிள்ளைகள்.

கடைசியில் இணைந்த பகுதிகளில் இருந்த 139 பள்ளிகளையும் மாநகராட்சியிடமே ஒப்படைக்க அரசு உத்தரவு போட்டது. அதுவரை மாநகராட்சியின் சொந்தப் பள்ளிகள் 281. தொடக்கப் பள்ளி 119, நடுநிலைப் பள்ளி 92, உயர்நிலைப் பள்ளி 38, மேல்நிலைப் பள்ளி 32. இரண்டையும் கூட்டினால் 420.

கூட்டல் சரி, வகுத்தல்?

இங்கே பென்சிலை எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2011 மக்கள் கணக்கெடுப்பின்படி பழைய நகரில் 46 லட்சத்து 46 ஆயிரம் பேர். இணைந்த ஊர்களையும் சேர்த்தால் சுமார் 67 லட்சம். அதாவது புதிய பகுதியில் 21 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பழைய நகரில் ஏறக்குறைய 16,500 பேருக்கு ஒரு பள்ளி. புதிய பகுதியில் 15,000 பேருக்கு ஒரு பள்ளி. பரவாயில்லையே, புதிய பகுதிக்காரர்களுக்குத்தானே கூடுதல் என்று தோன்றும்.

அவசரப்படாதீர்கள். நிலப் பரப்பை வைத்து வகுத்துப் பாருங்கள். பழைய நகரின் 174 சதுர கிலோ மீட்டரில் 281 பள்ளிகள். புதிய பகுதியின் 252 சதுர கிலோ மீட்டரில் 139 பள்ளிகள். பழைய நகரில் 5 சதுர கிலோ மீட்டருக்கு 8 பள்ளி. புதிய பகுதியில் அதே 5 சதுர கிலோ மீட்டருக்கு 3 பள்ளி கூட இல்லை. ஆறு வயசுப் பிள்ளைக்கு எது முக்கியம்? தலைக் கணக்கா, நடக்கிற தூரமா?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தலைக் கணக்கு 2011-ம் ஆண்டுக் கணக்கு. அதற்குப் பிறகு பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் எப்படிப் பெருத்துவிட்டன என்பதைப் பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு நாள் பஸ்சில் போய் வந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய நகரிலோ வீடுகள் கடைகளாகவும் கிடங்குகளாகவும் மாறிக்கொண்டு வருகின்றன. கூவக் கரையில் குடிசை போட்டிருந்தவர்களை 2000-ம் ஆண்டு முதல் கண்ணகி நகர், செம்மஞ்சேரி என்று தொலைவில் கொண்டுபோய் வைத்தார்கள். அவர்களோடு பிள்ளைகளும் போய்விட்டார்கள். பள்ளிக்கூடக் கட்டிடம் போகுமா? அது இருந்த இடத்திலேயே நிற்கிறது. பிள்ளை குறைந்த பள்ளியிலும் கரண்டு பில் உண்டு, காவலாளி உண்டு, கூரை ஒழுகினால் செலவு உண்டு. ஆகவே ஒரு பிள்ளைக்கு ஆகிற செலவு ஏறுகிறது. உடனே "இவ்வளவு செலவு பண்ணியும் பிரயோஜனம் இல்லை" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும்!

பணம் எங்கிருந்து?

சொத்து வரிதான் பெரிய ஊற்று. பழைய சென்னைப் பகுதியில் 1998-க்குப் பிறகு 24 வருஷம் எந்த ஏற்றமும் நிலைக்கவில்லை. 2018-ல் ஏற்றினார்கள். 2019-ல் நிறுத்தி வைத்தார்கள். பிறகு 2022 ஏப்ரலில் ஒரேயடியாக ஏற்றம். பழைய பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 150 சதவீதம். இணைந்த பகுதிகளுக்கு 25 முதல் 100 சதவீதம் வரை. மத்திய நிதிக் கமிஷன் பணம் வேண்டுமானால் சொத்து வரியைச் சீர்படுத்தியாக வேண்டும் என்ற நிபந்தனையும் பின்னால் இருந்தது.

24 வருஷம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் ஏற்றினால் வலிக்காதா? வலிக்கும்தான். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பள்ளிக்கூடமும் அந்த 24 வருஷத்தில் ஒட்டடை பிடித்திருக்காது.

அடுத்தது தொழில் வரி. ஆபீசில் சம்பளச் சீட்டில் பிடிக்கிறார்களே, அது. அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250 ரூபாய். வருஷத்துக்கு 2,500-க்கு மேல் போகக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த உச்சவரம்பு 1988-ல் வைத்தது. இன்றும் அதேதான். மாசம் 13 ஆயிரம் சம்பளம் வாங்கும் குமாஸ்தாவும் கட்டுகிறார். மாசம் 3 லட்சம் வாங்கும் அதிகாரி ஆயிரத்து இருநூற்றைம்பதோடு தப்பித்துக்கொள்கிறார். 2024-ல் சென்னையில் தொழில் வரியை உயர்த்தியபோதும் நடுத்தரச் சம்பளக்காரர்களின் படிகள்தான் ஏறின. மேல் படியை ஏற்ற வழியே இல்லை!

ரெயில்வே போன்ற மத்திய அரசு இடங்களுக்குச் சொத்து வரி கிடையாது. அதுவும் அரசியல் சட்டம்தான். சேவைக் கட்டணம் மட்டும் கேட்டு வாங்கலாம். நகரின் நடுவே எவ்வளவு இடம் அப்படிக் கிடக்கிறது என்பது ஊருக்கே தெரியும்.

மேலே இருந்து வருவதும் எப்போதும் வரும் என்று சொல்ல முடியாது. புதிய கல்விக் கொள்கை தகராறில் 2024-25-ம் ஆண்டுக்கான சமக்ர சிக்ஷா பணம் சுமார் 2,152 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது. 2025 மே மாதம் தமிழக அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. டெல்லியில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் இங்கே சாக்பீசுக்குத் தட்டுப்பாடு!

வெளிநாட்டுப் பணமும் வந்தது உண்டு. பிரெஞ்சு வளர்ச்சி நிறுவனத்தின் உதவியோடு 28 மாநகராட்சிப் பள்ளிகளைப் புதுப்பிக்க 95 கோடியே 25 லட்சம் ரூபாயில் திட்டம் போட்டார்கள். நல்ல காரியம். ஆனால் 28 போக மீதிப் பள்ளிகளில் இருந்த பெற்றோர் என்ன நினைத்திருப்பார்கள்?

மார்க்கு மட்டும் போதுமா?

பிளஸ்-2 ரிசல்ட்டு வந்த அன்று எல்லாரும் பார்ப்பது தேர்ச்சி சதவீதம்தான். 2023-லும் 2024-லும் தமிழ்நாட்டுச் சராசரி 94 சதவீதத்துக்கு மேல். சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 87-ஐ ஒட்டி நின்றன. ஏழு மார்க்கு பின்னால். குறைதான். மறைக்க வேண்டாம்.

ஆனால் தனியார் பள்ளி, வாசலிலேயே சல்லடை போட்டுச் சலித்து எடுக்கிறது. மாநகராட்சிப் பள்ளி யார் வந்தாலும் சேர்த்துக்கொள்கிறது. கட்டிட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர் பிள்ளையும் அங்கேதான். மீன் மார்க்கெட்டில் அம்மாவுக்கு உதவி செய்துவிட்டு வரும் பிள்ளையும் அங்கேதான். 2020, 2021 கொரோனா காலத்தில் பீஸ் கட்ட முடியாமல் தனியார் பள்ளியை விட்டு வந்த பிள்ளைகளுக்கும் அரசு, மாநகராட்சிப் பள்ளிகள்தான் இடம் கொடுத்தன. நிலைமை சீரானதும் அதில் பலர் திரும்பிப் போனார்கள். அவர்களை ஏன் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை என்ற கேள்விக்குப் பதில் தேடினால், 87 என்ற எண்ணை விட அதிகம் தெரிய வரும் என்பது இந்த நிருபரின் எண்ணம்.

ஆகவே பள்ளியை எடை போட நினைப்பவர் ரிசல்ட்டு பலகையோடு நின்றுவிடக் கூடாது. உள்ளே போக வேண்டும். 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் சொல்கிற கணக்கு எளிது. 5-ம் வகுப்பு வரை 30 பிள்ளைக்கு ஒரு வாத்தியார். 6 முதல் 8 வரை 35 பிள்ளைக்கு ஒருவர். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை. குடிதண்ணீர். இதை எண்ணிப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பத்து நிமிஷம் போதும்.

"நம்மளை யார் உள்ளே விடுவாங்க?" என்ற சந்தேகமும் வேண்டாம். அதே சட்டப்படி ஒவ்வொரு பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அரசிடமிருந்தும் மாநகராட்சியிடமிருந்தும் வந்த மானியம் என்ன ஆனது என்று கேட்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு. தமிழ்நாட்டில் உள்ளாட்சி உறுப்பினருக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டுக் கேட்டு வந்த கவுன்சிலரை அங்கே பிடிக்கலாம்.

ரசீது வாங்குபவர்கள் கவனத்துக்கு ஒரு செய்தி. அரையாண்டுச் சொத்து வரியை ஏப்ரல் 30, அக்டோபர் 31 ஆகிய தேதிகளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத் தொகை உண்டு. அதிகபட்சம் 5,000 ரூபாய். தவறினால் மாதம் ஒரு சதவீதம் வட்டி.