முள் காட்டுவதும் தாங்கியில் இருப்பதும்

பாடசாலைக்கும் வேலைக்கும் ஸ்கூட்டியில் போய்வரும் பெண்களை இன்று நமது ஊர்களில் எங்கும் காணலாம். ஓட்டப் பழக்கும்போது சமநிலை, பிரேக், வீதி ஒழுங்கு எல்லாம் சொல்லித் தருகிறார்கள். இருக்கும் பெற்றோல் இன்னும் எத்தனை கிலோமீற்றருக்குப் போதும் என்று கணிக்க மட்டும் பெரும்பாலும் எவரும் சொல்லித் தருவதில்லை. "முள் சிவப்புக்கு வந்தால் அடியுங்கோ" என்பதோடு அந்தப் பாடம் முடிந்துவிடும். யாழ்ப்பாண நகருக்குள் பெற்றோல் முடிந்தால் வண்டியை உருட்டிக்கொண்டு அடுத்த செட்டுக்குப் போய்ச் சேரலாம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை சுமார் 50 கிலோமீற்றர் போகும் வீதியில், ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் இடத்தில், மாலை மங்கும் நேரத்தில் முடிந்தால் யாரை உதவிக்குக் கூப்பிடுவது?

முள்ளை ஏன் முழுதாக நம்பக்கூடாது? தாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. பெற்றோல் குறையக் குறைய அது கீழே இறங்கும். அந்த அசைவைத்தான் முள் காட்டுகிறது. அதாவது முள் அளப்பது பெற்றோலின் உயரத்தை, லீற்றரை அல்ல. தாங்கி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருப்பதில்லை என்பதால், முள் பாதியில் நின்றாலும் உள்ளே பாதி இருக்கவேண்டும் என்றில்லை. முதல் பாதி பல நாள் நின்று, மற்றப் பாதி இரண்டே நாளில் போய்விடுகிறது என்று பலர் சொல்வது வெறும் பிரமை அல்ல. ஏற்றம், இறக்கம், சடுதியான பிரேக் எல்லாம் முள்ளை ஆட்டும். சைட் ஸ்டாண்டில் சரிந்து நிற்கும் வண்டியின் முள்ளும் சரியாகக் காட்டாது. சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, திறப்பைப் போட்டு, முள் அசையாமல் நின்ற பிறகு பாருங்கள்.

இதைவிட நம்பத்தக்கது கிலோமீற்றர் கணக்கு. இதற்கு ஒரு கொப்பியும் பேனையும் போதும். ஒருநாள் தாங்கியை நிரப்பி, மீற்றரில் உள்ள எண்ணை எழுதி வையுங்கள். 8,240 என்று வைத்துக்கொள்வோம். வழமைபோல ஓடிவிட்டு, மறுமுறை அதே மட்டத்துக்கு நிரப்புங்கள். இப்போது மீற்றரில் 8,375. உள்ளே போனது 3 லீற்றர். ஓடிய 135 கிலோமீற்றரை 3ஆல் வகுத்தால் லீற்றருக்கு 45. மூன்று நான்கு தடவை இப்படிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் சற்று வேறுபடும். பிள்ளையைப் பின்னால் ஏற்றியது, எதிர்க்காற்று, டயரில் காற்றுக் குறைவு என்று காரணங்கள் பல. கிடைத்தவற்றில் ஆகக் குறைந்த எண்ணையே உங்கள் எண்ணாகக் கொள்ளுங்கள்.

2022இல் இந்தக் கணக்கின் பெறுமதி பலருக்குப் புரிந்தது. அந்த ஆண்டு ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் தந்தார்கள். 20 கிலோமீற்றர் தள்ளியுள்ள பாடசாலைக்கு ஐந்து நாளும் போய்வரும் ஓர் ஆசிரியைக்கு 200 கிலோமீற்றர் ஓடவேண்டும். லீற்றருக்கு 45 கொடுக்கும் வண்டி 4 லீற்றரில் 180தான் ஓடும். வெள்ளிக்கிழமை பின்னேரம் வீடு திரும்பப் பெற்றோல் இராது என்பதைத் திங்கட்கிழமையே தெரிந்துகொண்டால், ஒருநாள் பஸ்ஸில் போகலாம், அல்லது இன்னொருவரோடு சேர்ந்து போகலாம்.

அடுத்து அறியவேண்டியது, முள் சிவப்பைத் தொடும்போது உள்ளே எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது. சிவப்பைத் தொட்ட உடனே செட்டுக்குப் போய் நிரப்புங்கள். தாங்கி 5 லீற்றர் கொள்ளும் என்று வண்டியோடு தந்த கைந்நூலில் இருந்து, 3.8 லீற்றரோடு நிறைந்துவிட்டால், மிஞ்சியிருந்தது ஏறக்குறைய 1.2 லீற்றர். கணக்குப்படி அது 54 கிலோமீற்றர் ஓடும். ஆனால் அடியில் கிடப்பது முழுவதும் இயந்திரத்துக்குப் போய்ச் சேராது. 30 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வதே புத்தி.

கார்புரேற்றர் உள்ள பழைய மோட்டார் சைக்கிள்களில் ரிசர்வ் திருகி இருக்கும். ரிசர்வ் என்றால் வேறொரு தாங்கி என்று எண்ணுபவர்கள் இன்னும் உண்டு. தாங்கி ஒன்றுதான், உள்ளே இரண்டு உயரத்தில் துவாரங்கள். மேல் துவாரத்துக்குப் பெற்றோல் எட்டாதபோது வண்டி திக்கும். திருகியைத் திருப்பினால் அடித் துவாரம் திறக்கும். நிரப்பிய பிறகு திருகியைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தால், அடுத்தமுறை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வண்டி நின்றுவிடும். புதிய வண்டிகள் பலவற்றில் திருகியே இல்லை. பெற்றோலை இயந்திரத்துக்கு அனுப்பும் பம்ப் தாங்கிக்குள் இருக்கும். அந்தப் பம்பைக் குளிர வைப்பதும் பெற்றோல்தான். அடிக்கடி வற்றவிட்டு ஓடினால் பம்ப் கெடும். அதன் செலவோ பெற்றோல் செலவைப்போலப் பல மடங்கு.

1990களின் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து இயக்கி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதை அம்மாமார் இன்றும் சொல்வார்கள். அந்தக் கெட்டித்தனத்தை இன்றைய ஸ்கூட்டியில் காட்ட வேண்டாம்.

தாங்கிக்குள் எட்டிப் பார்க்கத் தீக்குச்சியோ லைட்டரோ ஒருபோதும் வேண்டாம், ஆவியே பற்றிக்கொள்ளும். பகல் வெளிச்சத்தில் மூடியைத் திறந்து பாருங்கள், அல்லது வண்டியை மெல்ல ஆட்டிச் சலசலப்பைக் கேளுங்கள். அவசரத்துக்கு என்று தண்ணீர்ப் போத்தலில் பெற்றோல் நிரப்பி சீற்றுக்கு அடியில் வைத்திருப்பதும் ஆபத்து. வெயிலில் ஆவி பெருகிப் போத்தல் கசியும். வீட்டில் வைத்தால் தாகத்தில் பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடக்கூடும்.

ஒரே வண்டியை வீட்டில் இருவர் ஓடுவதானால் கொப்பியை இருவரும் எழுதவேண்டும். முதல்நாள் இரவு தம்பி எடுத்துக்கொண்டு எங்கெல்லாம் போய்வந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. காலையில் புறப்படுமுன் மீற்றரில் உள்ள எண்ணைக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.