ஜி6பிடி: குழந்தையின் ரத்தத்தைப் பற்றிக் கேட்டு அறியும் உரிமை

திருவான்மியூர் மாட வீதிகளில் எந்த மளிகைக் கடையில் கேட்டாலும் பாச்சை உருண்டை எடுத்துக் கொடுப்பார்கள். பீரோவில் துணிக்கு நடுவே நாலைந்து உருண்டைகளைப் போட்டு வைக்காத வீடு குறைவு. பிறந்த குழந்தைக்கு எடுத்ததும் புதுத்துணி போடாமல், தாத்தாவின் பழைய வேட்டியையோ பாட்டியின் நூல் புடவையையோ கிழித்துச் சுற்றுவது நம் வழக்கம். பழந்துணி மென்மையானது, வழக்கத்தில் தவறில்லை. ஆனால் அந்தத் துணி மாதக்கணக்கில் நாப்தலின் உருண்டையோடு கிடந்திருந்தால், அதில் ஊறிய ஆவி குழந்தையின் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு இதனால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும், காமாலை ஏறும், கவனிக்கத் தவறினால் மூளையும் பாதிக்கப்படும். இந்த நொதிக் குறைவோடு பிறந்தவர்களில் பெரும்பாலோர் நோய் எதுவும் தெரியாமலே வாழ்கிறார்கள். குறைபாடு இருப்பது தெரியாமல் தவறான மருந்தோ பொருளோ உடலில் சேரும்போதுதான் ஆபத்து. அதனால் ஒரே ஒரு முறை பரிசோதித்துத் தெரிந்துகொள்வதும், அந்த முடிவை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வதும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய உரிமை என்கிறேன்.

ஆக்சிஜனைச் சுமந்து திரியும் சிவப்பணு அதன் தாக்குதலுக்கும் ஆளாகிறது. வளர்சிதை மாற்றத்தில் பெராக்சைடு போன்ற வேதிப்பொருள்கள் ஓயாமல் உருவாகி, ஹீமோகுளோபினையும் அணுவின் சவ்வையும் கெடுக்கப் பார்க்கின்றன. இதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். குளுடாதயோன் என்ற பொருள் இவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. செயலிழக்கச் செய்யும்போது தானும் தீர்ந்துபோகும் குளுடாதயோனைப் புதுப்பிக்க என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறு தேவை. மற்ற உயிரணுக்களுக்கு அதைப் பெற வேறு வழிகள் உண்டு. மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணுவுக்கு ஜி6பிடி நொதி தொடங்கிவைக்கும் பாதை ஒன்றே வழி. சாதாரண நாளில் குறைந்த நொதியை வைத்தே அது சமாளித்துவிடும். நாப்தலின், மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுயின், தொழுநோய்க்குத் தரும் டாப்சோன், அல்லது கடுமையான நோய்த்தொற்று வந்து தாக்கும்போது தாக்குப்பிடிக்காமல் உடைந்துவிடும். நாப்தலின் உடலில் சிதையும்போது நாப்தோகுயினோன் வகைப் பொருள்கள் உண்டாகின்றன. மருதாணிக்குச் சிவப்பைத் தரும் லாசோனும் அதே வேதிக் குடும்பம். இந்தக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மருதாணி பூசியதால் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு ரத்தம் சிதைந்ததை ஐக்கிய அரபு அமீரக மருத்துவர்கள் 2001-ல் பதிவு செய்தார்கள். கைக்குழந்தையின் உள்ளங்காலில் ஆசையாக மருதாணி வைக்கும் நம் வீடுகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த அறிவு உலகுக்குக் கிடைத்த விதமே உரிமை பற்றிய பாடம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்டேட்வில் சிறைக் கைதிகளிடம் பிரைமாகுயின் மருந்தைச் சோதித்தபோது, சிலருக்கு மட்டும் ரத்தம் சிதைந்தது. அதற்குக் காரணம் ஜி6பிடி குறைவுதான் என்று பால் கார்சனும் ஆல்ஃப் ஆல்விங்கும் அவர்களது குழுவினரும் 1956-ல் வெளியிட்டார்கள். அந்த மருந்து இன்றும் நம் கையில் இருக்கிறது. சென்னையில் மலேரியா வெகுவாகக் குறைந்திருந்தாலும் அடியோடு ஒழிந்துவிடவில்லை. அதைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி கொசு மொட்டை மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடுகிறது. வைவாக்ஸ் மலேரியா கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து திரும்பவும் வருவதால் 14 நாள் பிரைமாகுயின் தருகிறார்கள். ஜி6பிடி குறைவுள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சிசுக்களுக்கும் இதைத் தரக்கூடாது என்று தேசிய சிகிச்சை வழிகாட்டுதலே சொல்கிறது. சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளானாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ மாத்திரையை உடனே நிறுத்தி மருத்துவரிடம் வரவேண்டும் என்பதை நோயாளிக்குச் சொல்லியே மருந்து கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலைக் கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளிக்கு அவர் மொழியில் இதை யாராவது சொல்கிறார்களா என்பதுதான் என் கவலை. குறைபாடு இருப்பது தெரிந்துவிட்டால் சிகிச்சை இல்லாமல் போவதும் கிடையாது. மருத்துவக் கண்காணிப்பில் வாரம் ஒருமுறை வீதம் 8 வாரம் பிரைமாகுயின் தரும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

இந்தப் பரிசோதனை அவசியமா என்று கேட்பவர்கள் சொல்லும் காரணங்களைத் தள்ளிவிட முடியாது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாத குறைபாட்டைத் தேடிக் கண்டுபிடித்து எதற்காகக் குடும்பத்தைக் கலங்கடிக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் ஆண்களில் 3 முதல் 5 சதவீதத்துக்கு மேல் இது காணப்படும் மக்களிடையே பிறந்த குழந்தைகளைப் பரிசோதிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1989-லேயே சொன்னது. இந்தியாவில் இதன் அளவு சமூகத்துக்குச் சமூகம் பெரிதும் வேறுபடுகிறது. பல மாநிலத்தார் கலந்து வாழும் சென்னையில், யாருக்கு இருக்கும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கேரள அரசு மருத்துவமனைகளின் பிறந்த குழந்தைப் பரிசோதனையில் இது சேர்க்கப்பட்டிருக்கிறது. குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தம் போதும். எனக்குக் கனமாகப் படும் மறுப்பு வேறு. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்குழந்தைக்கு இது தாயிடமிருந்தே வருகிறது. நம் வீடுகளில் பழி யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் முடிவைத் தாளில் எழுதித் தருவதோடு மருத்துவர் கடமை முடிந்துவிடாது. இது யாருடைய குற்றமும் இல்லை என்பதைத் தாயின் முன்னிலையில், வீட்டார் கேட்கச் சொல்ல வேண்டும். தாயின் சம்மதமில்லாமல் வேறு யாரிடமும் சொல்லவும் கூடாது.

ஆக்சிஜனேற்றம்தான் பகை என்றால் ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரை சாப்பிட்டால் தீர்ந்ததே என்றும் சிலர் நினைக்கிறார்கள். அதிக அளவு வைட்டமின் சி-யை நரம்பு வழியாக ஏற்றினால், ஜி6பிடி குறைவுள்ளவருக்கு அதுவே சிவப்பணுக்களைச் சிதைக்கும். முகப்பொலிவுக்கு என்று டிரிப் ஏற்றிக்கொள்ளப் போகிறவர்கள் முதலில் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டாமா என்று கேட்கட்டும். குறைபாடு இல்லாதவர்களுக்கும் மாத்திரை கவசம் ஆகிவிடவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994-ல் வெளிவந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியதே தவிரக் குறையவில்லை. உணவைப் பற்றியும் வீண் பயம் பரவுகிறது. விலக்க வேண்டியது ஃபாவா என்ற பீன்ஸ் வகை. நம் அவரைக்காயும் கொண்டைக்கடலையும் அந்த வகை அல்ல.

பிரசவத்துக்குச் சேரும் மருத்துவமனையில் ஜி6பிடி பரிசோதனை உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். செய்திருந்தால் முடிவை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதச் சொல்லுங்கள். மருத்துவப் பதிவேடு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர் நடத்தை விதிகள் 2002 சொல்கின்றன. குறைபாடு இருந்தால் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலைத் தமிழில் எழுதி வாங்கி, தடுப்பூசி அட்டையோடு வைத்து, மருந்துக் கடையிலும் காட்டுங்கள். மருந்தால் பாதிப்பு வந்ததாகத் தோன்றினால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே புகார் சொல்லலாம். கட்டணம் வாங்கிய மருத்துவமனையின் அலட்சியத்தால் பாதிப்பு என்றால், 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்துவிட்டது. ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். ரத்தம் சிதைந்த உடனே பரிசோதித்தால், பழைய அணுக்கள் அழிந்து நொதி கூடுதலாக உள்ள இளம் அணுக்களே மிஞ்சியிருப்பதால் முடிவு சரியாக இருப்பதுபோல் காட்டிவிடும். சந்தேகம் இருந்தால் 3 மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.