வலியறியாப் பாதம்

வலியை விரும்புவார் யாருமிலர். ஆயினும் உடலுக்குக் காவலாய் நிற்பது அதுவே. முள் தைத்தவுடன் காலை எடுப்பதும், சுடுமணலை விட்டு நிழலை நாடுவதும் வலியின் ஏவலாலன்றோ? இக்காவலை இழந்த கால் எய்தும் இடரை நீரிழிவு நோயாளரிடம் காணலாம்.

குருதியிற் சர்க்கரை பல்லாண்டு மிகுந்து நிற்பின் இருவகைக் கேடு விளையும். ஒன்று, நரம்புகள் பழுதுற்றுப் பாதத்தில் உணர்ச்சி குன்றுதல். மற்றொன்று, குருதிக்குழாய்கள் குறுகுதல். முன்னதனால் புண் உண்டாவது தெரியாது. பின்னதனால் உண்டான புண் எளிதில் ஆறாது. சிலர்க்கு அடிபடாமலே, நோவுமின்றி, காலில் நீர்க்கொப்புளங்கள் எழுவதுமுண்டு. அவை பெரும்பாலும் சில வாரங்களில் தாமே ஆறும். உடைந்தாலோ கிருமி புகுந்து சீழ்ப்பிடித்து எலும்பையும் பற்றலாம். காலையே களைய நேர்தலும் உண்டு.

உணர்ச்சியின்மையே புண்ணுக்குக் காரணம் என்பதைத் தெளிவுறுத்தியவருள் ஒருவர், 1914-இல் கொல்லிமலையிற் பிறந்த மருத்துவர் பால் பிராண்டு. 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயாளரின் விரல்கள் அழிவதற்குப் பெருங்காரணம் அவர்கள் உணராத காயமும் ஓயாத அழுத்தமுமே எனக் கண்டார். மெத்தென்ற ரப்பர் மிதியடிகளால் அவர்தம் பாதங்களைக் காக்க முயன்றார். பின்னர் அமெரிக்க நாட்டில் நீரிழிவாளர் பாதங்களைப் பேணவும் அவ்வறிவு உதவிற்று.

இனி நம் பக்கத்தை நோக்குவோம். சங்கரன்கோவில் ஆடித் தபசு விழாவிற்குத் திரளாகக் கூடுவோர் கோயிலில் வெறுங்காலுடன் நடப்பர். வெயிலிற் காய்ந்த கல் உணர்வற்ற பாதத்தைச் சுட்டுக் கொப்புளமாக்கும். சுட்டது அவர்க்கே தெரியாது. தோல்நோய் தீருமென அங்குப் புற்றுமண் பூசுவது நெடுநாள் வழக்கம். பிறர் நம்பிக்கையைப் பழிப்பது நம் கருத்தன்று. ஆயினும், மண்ணில் இரணஜன்னிக் கிருமியும் வாழ்தலின், திறந்த புண்ணில் எம்மண்ணும் படலாகாது.

காக்கும் வழிகள் எளியன. வலி செய்த காவலைக் கண் செய்தல் வேண்டும். நாள்தோறும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்தல், கழுவியபின் ஈரமறத் துடைத்தல், மிதியடியின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தபின் அணிதல், ஆணிக்காலைத் தாமே அறுக்காதிருத்தல், கொப்புளத்தைக் கண்ட அன்றே மருத்துவரை அடைதல் ஆகியனவே அவை.

கண் மங்கிய முதியோர்க்கு இதனைச் செய்யவேண்டியவர் யார்? விடுமுறைக்கு ஊர் செல்லும் நாமே. பெரியோர் பாதம் பணிதல் நம் மரபு; பணியுங்கால் அப்பாதங்களைச் சற்றே உற்றும் நோக்குவோமாக.