வெள்ளிமலையில் ஓட்ட வேண்டிய படங்கள்

'சாவதற்குள் பார்க்க வேண்டிய 100 படங்கள்' என்று பட்டியல் போடுகிறவர்கள் ஏ.சி. அறையில் உட்கார்ந்துதான் போடுகிறார்கள் போலிருக்கிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை மேலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்து அதே பட்டியலைப் படித்தால் வரிசை புரண்டுவிடும். முன்னால் நிற்கிற படங்கள் சில பின்னால் போய்விடும். எங்கோ அடியில் கிடக்கிற ஓர் இத்தாலியப் படம் முதலிடத்துக்கு வந்துவிடும்.

எர்மானோ ஓல்மி 1978-ல் எடுத்த 'தி ட்ரீ ஆஃப் வுடன் க்ளாக்ஸ்' அது. கேன் விழாவில் தங்கப் பனை வாங்கியது. பெர்காமோ பக்கத்து விவசாயிகளே நடித்து, தங்கள் ஊர் வழக்கிலேயே பேசியிருக்கிறார்கள். கதை நடப்பது 19-ம் நூற்றாண்டின் கடைசியில். ஒரே வளவில் நான்கு குடும்பங்கள். நிலம், வீடு, வாய்க்கால் ஓரத்து மரம் வரை பண்ணையாருடையது. விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்குத்தான். பையன் கெட்டிக்காரன், பள்ளிக்கூடம் அனுப்பு என்று பாதிரியார் சொல்கிறார். குடியானவன் பிள்ளைக்குப் படிப்பா, நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று தயங்கித்தான் பத்திஸ்தி தன் மகன் மினெக்கை அனுப்புகிறான். மைல் கணக்கில் நடை. ஒருநாள் வரும் வழியில் பையனின் கட்டைச் செருப்பு பிளந்துபோகிறது. வேறு வாங்கக் காசில்லை. இருட்டில் போய் வாய்க்கால் கரையில் ஒரு மரத்தை வெட்டுகிறான் அப்பன். வீட்டில் உட்கார்ந்து கட்டையைக் குடைந்து, காலுக்குச் சரியாக வருகிற மாதிரி செதுக்குகிறான். கேமரா அந்தக் கையை விட்டு நகர அவசரப்படுவதே இல்லை. விஷயம் பண்ணையார் காதுக்குப் போகிறது. குடும்பத்தையே காலி பண்ணச் சொல்லிவிடுகிறார்கள்.

இது யாரோ வெளிநாட்டுக்காரர் கதை என்று நினைக்க முடியாது. நாடு 1947-ல் சுதந்திரம் வாங்கியது. ஆனால் கல்வராயன் மலையில் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஜாகிர்களை (பரம்பரை நிலமானியங்களை) அரசு எடுத்துக்கொண்டது 1976-ல்தான், அதாவது ஓல்மி படம் வருவதற்கு இரண்டே வருஷம் முன்பு. அதுவரை மலையாளிப் பழங்குடியினர் (கேரளக்காரர்கள் அல்ல, இந்த மலைக்காரர்களுக்குப் பெயரே அதுதான்) ஜாகிர்தாருக்கு வரி கட்டினார்கள், கூலியில்லாமல் வேலையும் செய்தார்கள். மரம் வெட்டிய கதை அதற்குப் பிறகும் முடியவில்லை. 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழர்களை ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்றது. செம்மரத்துக்கு ஆள் பிடிக்கும் புரோக்கர்கள் கல்வராயன் மலைக்கும் வந்து போகிறவர்கள்தான். பத்திஸ்தி குடும்பம் வண்டியில் சாமான் ஏற்றும்போது மற்ற மூன்று குடும்பமும் வெளியே வராமல் நிற்கும் கடைசிக் காட்சியை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

ஒரு எச்சரிக்கை: படம் மூன்று மணி நேரத்துக்கும் மேல். முதல் முக்கால் மணி நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'இகிரு' (1952). திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஒருமுறையாவது மனு எடுத்துப்போனவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சாக்கடைத் தண்ணீர் தேங்கும் இடத்தை மூடிக் குழந்தைகளுக்கு ஒரு பூங்கா வேண்டும் என்று சில பெண்கள் மனு கொடுக்க வருகிறார்கள். அந்த செக்‌ஷன் இந்த செக்‌ஷனைக் கைகாட்ட, இது இன்னொன்றைக் கைகாட்ட, சுற்றிச் சுற்றிக் கடைசியில் முதல் கவுன்ட்டரிலேயே வந்து நிற்கிறார்கள். அந்த செக்‌ஷன் தலைவர் வதனபே முப்பது வருஷமாக முத்திரை குத்திக்கொண்டிருப்பவர். வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகுதான் அந்த ஒரு மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். பனியில் அவர் ஊஞ்சலாடும் காட்சியைத்தான் எல்லோரும் சிலாகிப்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிது அவருடைய இழவு வீடு. சக ஊழியர்கள் குடித்துவிட்டு, இனி நாமும் அவரைப் போலவே வேலை செய்வோம் என்று அழுது சத்தியம் பண்ணுகிறார்கள். மறுநாள் ஆபீசில் ஒரு மனு வருகிறது. புதிய தலைவர் அதை வேறு செக்‌ஷனுக்குத் தள்ளிவிடுகிறார். கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைப் பற்றி சென்னை உயர்நீதிமன்றம் 2024-ல் தானாகவே வழக்கு எடுத்தது. அதற்கு முன்னால் எத்தனை மனுக்கள் இப்படி வலம் வந்திருக்கும் என்று நினைக்காமல் இந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை.

குடியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டென்மார்க்கின் 'அனதர் ரவுண்ட்' (2020) ஆஸ்கர் வாங்கிய நல்ல படம்தான். ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்த ஊருக்கு அதைச் சிபாரிசு செய்ய மனசு வரவில்லை. பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' போதும். 2021-ல் ராட்டர்டாமில் டைகர் விருது பெற்றது. குடிகார அப்பனும் பள்ளிக்கூடத்துப் பையனும் வெயிலில் நடக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. உபதேசம் ஒரு வரி கிடையாது.

பிள்ளைகளுக்கு? 2022-ல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழா தொடங்கியபோது முதலில் சாப்ளினின் 'தி கிட்' (1921) காட்டினார்கள். மலைப் பள்ளிக்கு நான் தேர்ந்தெடுப்பது சீன இயக்குநர் ஜாங் யிமோவின் 'நாட் ஒன் லெஸ்' (1999). வாத்தியார் ஒரு மாசம் லீவு. பதிலுக்கு வருகிற வெய் மின்ஜிக்கு வயது 13. ஒரு பையன்கூடக் குறையாமல் பார்த்துக்கொண்டால்தான் கூடுதல் பணம். குடும்பக் கடனுக்காக ஒருவன் டவுனுக்கு வேலைக்குப் போய்விடுகிறான். அவனைத் தேடிப் போக பஸ் காசு வேண்டுமே! வகுப்பே சேர்ந்து செங்கல் சுமக்கிறது. எத்தனை கல் சுமந்தால் எவ்வளவு, டிக்கெட்டுக்கு எவ்வளவு என்று கரும்பலகையில் கணக்குப் போடுகிறார்கள். அன்றைக்குத்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் உருப்படியாகக் கணக்குப் பாடம் நடக்கிறது. நடித்தவர்கள் பெரும்பாலும் கிராமத்து ஆட்களே, சொந்தப் பெயரோடு. இதோடு பூட்டானின் 'லுனானா: எ யாக் இன் தி கிளாஸ்ரூம்' (2019) படத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். மலைக்கு மாற்றலாகி, இறங்கிப் போகிற நாளை எண்ணிக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் முன்வரிசையில் உட்காரட்டும்.

தமிழ் சப்டைட்டில் கிடைப்பதுதான் கஷ்டம். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒருவர் மைக்கைப் பிடித்து வசனத்தைச் சொல்லிக்கொண்டே போனால் சமாளித்துவிடலாம். முதல் நாள் 'நாட் ஒன் லெஸ்' போடுங்கள், இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஓல்மி படத்தை மரவள்ளி வேலை ஓய்ந்த பிறகு, இரண்டு ராத்திரியாகப் பிரித்து ஓட்டுவது உத்தமம்.